திட்டு வாங்கும் ஏகபோகம்

செல்பேசியைச் செய்யும் நிறுவனம் ஒன்றும், அந்தச் செல்பேசி பேசுவதற்கு வேண்டிய கோபுரங்களையும் அலைக்கற்றையையும் வைத்திருக்கும் சேவை நிறுவனம் ஒன்றும் தங்களுக்குள் கூடிப் பேசி, இன்ன கருவி இன்ன நாட்டில் இந்தச் சேவையில் மட்டுமே இயங்கும் என்று எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது வணிக வழக்கில் பிரத்தியேக உரிமை எனப்படுகிறது. இந்தக் கூட்டத்தில் வாங்குபவருக்கு நாற்காலி போடப்படுவதில்லை. எரிவாயு இணைப்புக் கேட்டுப் போனவரின் தலையில் அடுப்பையும் சேர்த்துக் கட்டி அனுப்பிய முகவர்களையும், நியாயவிலைக் கடையில் சர்க்கரைக்குத் துணையாகத் தேயிலைப் பொட்டலத்தை நீட்டிய விற்பனையாளர்களையும் அறிந்த சமூகத்திற்கு இதன் தத்துவத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றுதான்: அடுப்பின் கதை ஒருமுறை வாங்குவதோடு முடிந்துவிடும்; செல்பேசிச் சேவைக்கோ மாதந்தோறும் கப்பம் கட்ட வேண்டும், அதையும் இரண்டு ஆண்டுகளுக்குத் தவறாமல் கட்டுவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இத்தகைய ஒப்பந்தங்களில் விலை, காலம், வருவாய்ப் பங்கு ஆகியவை குறித்த பிரிவுகள் விரிவாக இருக்கும். அவற்றோடு, எந்த வழக்கறிஞரும் எழுதாத, ஆயினும் எல்லாப் பிரிவுகளையும்விட ஒழுங்காக நிறைவேற்றப்படுகிற ஒரு பிரிவும் உண்டு என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. கருவி எந்தக் குற்றம் செய்தாலும் அதற்குரிய வசவு சேவை நிறுவனத்தின் கணக்கில் வரவு வைக்கப்படும் என்பதே அப்பிரிவு. 2007 ஜூன் 29 முதல் 2011 பிப்ரவரி 10 வரை, மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக, அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனைத் தன்னுடைய சேவையில் மட்டுமே வைத்திருந்த ஏடி அண்ட் டி நிறுவனம், உலகம் விரும்பிய ஒரு பொருளை விற்கும் உரிமையைப் பெற்றதாகக் கருதிக்கொண்டிருந்தது. அதனோடு சேர்ந்து வந்தது, அப்பொருளுக்காகத் திட்டு வாங்கும் முழு உரிமை.

அந்தப் பெயருக்கு வசவு புதிதன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவின் தொலைபேசிகளில் மிகப் பெரும்பாலானவை பழைய ஏடி அண்ட் டி குழுமத்தின் ஆளுகையில் இருந்தன. கம்பி அதனுடையது, இணைப்பகம் அதனுடையது, வீட்டுக் கூடத்தில் மேசைமேல் உட்கார்ந்திருந்த கருவியும் அதனுடையதே. சந்தாதாரர் அக்கருவிக்கு மாத வாடகை கொடுத்தார். வாடகைப் பொருளில் குடித்தனக்காரர் ஆணி அடிக்கக்கூடாது என்ற வீட்டுக்காரர் மரபின்படி, அந்தக் கருவியோடு வெளியார் செய்த எதையும் பொருத்தக்கூடாது என்ற விதியும் இருந்தது. ஹஷ்-ஏ-ஃபோன் என்ற பெயரில் விற்கப்பட்ட ஒரு சிறு கிண்ணம் இவ்விதியில் சிக்கிக்கொண்டது. தொலைபேசியின் வாய்ப்பகுதியில் மாட்டிக்கொண்டு பேசினால் பேச்சு பக்கத்தில் இருப்பவர் காதில் விழாது என்பதைத் தவிர அந்தக் கிண்ணத்திற்கு வேறு ஆற்றல் எதுவும் கிடையாது. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. ஆயினும் அது தொலைபேசி அமைப்பின் நலனுக்குக் கேடு என்று நிறுவனம் வாதிட, அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமும் 1955இல் அதை ஏற்றுக்கொண்டது. ஒருவர் தம் உள்ளங்கையைக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டாலும் இதே பயன்தான் கிடைக்கும் என்பதைக் கண்டறிந்து அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்வதற்கு 1956இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வேண்டியிருந்தது. உள்ளங்கைக்கும் தடை கேட்டு நிறுவனம் மனுச் செய்யாமல் இருந்தது அதன் பெருந்தன்மை. பிறகு 1968இல், டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர் செய்த கார்ட்டர்ஃபோன் என்னும் கருவி தொடர்பான வழக்கில், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் சந்தாதாரர் இணைத்துக்கொள்ளலாம் என்று அதே ஆணையம் முடிவு செய்தது. கம்பித் தொலைபேசிக்குக் கிடைத்த இவ்விடுதலை, கம்பியில்லாத் தொலைபேசி பிறந்து வளர்ந்தபோது அதன் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

1984 ஜனவரி 1 அன்று பழைய குழுமம் உடைக்கப்பட்டு ஏழு வட்டார நிறுவனங்கள் தனியே பிரிந்தன. அடுத்து நடந்தவற்றைப் பின்தொடர்வதற்கு வம்சாவளிப் பட்டியல் எழுதும் பொறுமை தேவை. அந்த ஏழில் ஒன்றான சவுத்வெஸ்டர்ன் பெல், எஸ்பிசி என்று பெயர் மாறி, பெல்சவுத் என்ற தன் உடன்பிறப்போடு கூடி சிங்குலர் என்னும் செல்பேசி நிறுவனத்தைத் தொடங்கியது. சிங்குலர் 2004இல் ஏடி அண்ட் டி வயர்லெஸ் நிறுவனத்தை 4,100 கோடி டாலருக்கு வாங்கி அப்பெயரைக் குழிதோண்டிப் புதைத்தது. 2005இல் எஸ்பிசி தன்னைப் பெற்ற தாய் நிறுவனத்தையே வாங்கித் தாயின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. 2006 இறுதியில் பெல்சவுத்தையும் விழுங்கியபின், சிங்குலருக்கும் ஏடி அண்ட் டி என்றே பெயரிட முடிவாயிற்று. ஏடி அண்ட் டி வயர்லெஸ் சந்தாதாரராகத் தொடங்கிய ஒருவர் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே சிங்குலர் சந்தாதாரராகி, மீண்டும் ஏடி அண்ட் டி சந்தாதாரராகிவிட்டார். 2007 ஜனவரி 9 அன்று சான்பிரான்சிஸ்கோ மேடையில் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை எடுத்துக் காட்டியபோது கூட்டாளியின் பெயர் சிங்குலர் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த வாரமே அந்தப் பெயரை மாற்றும் விளம்பரங்கள் தொடங்கிவிட்டன. எதிர்காலத்தில் வரவிருந்த வசவுகளுக்கு முகவரி தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா?

இக்கூட்டணிக்கு ஒரு முன்கதை உண்டு. 2005 செப்டம்பரில் ஆப்பிள், மோட்டரோலா, சிங்குலர் ஆகிய மூன்றும் சேர்ந்து ரோக்கர் என்ற இசைச் செல்பேசியை வெளியிட்டன. அதில் 100 பாடல்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது; நினைவட்டையில் இடம் இருந்தாலும் முடியாது. அது படுத்துவிட்டது. தன் கருவியைத் தானே செய்துகொள்வதென்று ஆப்பிள் தீர்மானித்த பிறகு, நாட்டின் மற்றொரு பெரிய சேவை நிறுவனமான வெரைசனோடும் பேச்சு நடந்தது. கருவி எங்கே விற்கப்படும், பழுதானால் யார் பார்ப்பது, மாதக் கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு என்பவற்றில் ஆப்பிள் கேட்டவை அளவுக்கு மீறியவை என்று கருதி வெரைசன் விலகிக்கொண்டதை அந்நிறுவனத்தாரே பின்னர் தெரிவித்தார்கள். சிங்குலர் ஒப்புக்கொண்டது. கருவியின்மேல் சேவை நிறுவனத்தின் முத்திரை இருக்காது. அதன் மென்பொருளில் சேவை நிறுவனம் கைவைக்க முடியாது. இணைப்பைத் தொடங்கும் சடங்குகூட வாங்கியவர் வீட்டுக் கணினியில் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருள் வழியாகவே நடக்கும். சந்தாதாரர் கட்டும் மாதப் பணத்தில் ஆப்பிளுக்கும் பங்கு போகும். அதுவரை செல்பேசிச் செய்பவர்களைத் திண்ணையில் உட்காரவைத்துப் பழகிய சேவை நிறுவனங்களுக்கு இது கேட்டறியாத நடைமுறை. சிங்குலரின் தலைவர் ஸ்டான் சிக்மன் ஐபோன் அறிமுக நாளன்று மேடையேறி, ஒப்பந்தம் செய்துகொண்ட காலத்தில் கருவியைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்பதையும் சொன்னார். பெண் பார்க்கும் படலமே இல்லாமல் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. ஜாப்ஸ் எதையும் பார்க்காமல் பேசிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டிருந்த அதே மேடையில், சிக்மன் கையிலிருந்த குறிப்பட்டைகளைப் பார்த்து வாசித்தார். இருவரில் யார் மாப்பிள்ளை, யார் பந்தலுக்கு வாடகை கொடுப்பவர் என்பதில் பார்வையாளர்களுக்கு ஐயம் எழ வாய்ப்பில்லை.

விற்பனை தொடங்கிய முதல் முப்பது மணி நேரத்தில் ஆப்பிள் 2,70,000 கருவிகளை விற்றதாகக் கணக்குக் காட்டியது. அதே காலத்தில் ஏடி அண்ட் டி இணைப்புக் கொடுத்தவை 1,46,000 மட்டுமே. இடைப்பட்ட கருவிகளில் ஒரு பகுதி, வீட்டுக் கணினியின் முன் உரிமையாளரோடு சேர்ந்து இணைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் யாரைத் திட்டினார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். ஆகஸ்டில் முதல் மாதப் பட்டியல்கள் வந்தன. ஐபோன் தன்னியல்பாகவே இணையத்தை அவ்வப்போது எட்டிப்பார்க்கும் கருவி. அப்படி எட்டிப்பார்த்த ஒவ்வொரு முறையையும் தேதி, நேரம், அளவு, கட்டணம் பூச்சியம் என்று வரிவரியாக அச்சிட்டு அனுப்பியது சேவை நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. சந்தாதாரர் ஒருவருக்குப் பட்டியல் அட்டைப் பெட்டியில் வந்தது. அதில் 300 பக்கங்கள் இருந்தன. அவர் அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் படமெடுத்து வெளியிட, நாடே பார்த்துச் சிரித்தது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் பலவும் இதைவிட மெலிந்தவை. அவற்றிலும் பூச்சிய மதிப்புள்ள வரிகள் உண்டு என்றாலும் இத்தனை நேர்மையாக அது குறிக்கப்படுவதில்லை. பட்டியல் இனிச் சுருக்கமாக வரும் என்று நிறுவனம் குறுஞ்செய்தி அனுப்பி அறிவித்தது.

வசவின் மையம் எதுவென்றால், அழைப்பு அறுந்துபோவது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்முனை மௌனமாகி, ‘ஹலோ, ஹலோ’ என்று மூன்றுமுறை சுவரைப் பார்த்துக் கூவிவிட்டுக் கருவியைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கும் அனுபவத்துக்கு இன்னும் நல்ல தமிழ்ப் பெயர் அமையவில்லை. ‘கட் ஆகிவிட்டது’ என்பதே வழக்கு. ஐபோனுக்கு முந்தைய ஆண்டில்தான் சிங்குலர் நிறுவனம், நாட்டிலேயே மிகக் குறைவாக அழைப்புகள் அறுந்துபோவது தன்னுடைய வலையமைப்பில்தான் என்று பெரும் பொருட்செலவில் விளம்பரம் செய்திருந்தது. கண்பட்டுவிட்டது என்று கொள்வதே நியாயம். ஐபோனைப் போல இடைவிடாமல் இணையத்தை உறிஞ்சும் கருவியை இலட்சக்கணக்கில் தாங்குவதற்கு அந்தக் கோபுரங்கள் கட்டப்பட்டிருக்கவில்லை. முதல் ஐபோன், எட்ஜ் என்னும் மெதுவான தரவு முறையில் இயங்கியது. ஏடி அண்ட் டி அப்போதே பல நகரங்களில் அதைவிட வேகமான மூன்றாம் தலைமுறை வலையமைப்பை, அதாவது 3ஜியை, நிறுவியிருந்தது. ஆனால் மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அதற்குரிய சில்லைக் கருவியில் வைக்காமல் விட்டது ஆப்பிள். பக்கம் திறக்காமல் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தபோது திட்டு வாங்கியது கோபுரம்.

2008 ஜூலையில் 3ஜி ஐபோன் வந்தது. 399 டாலராக இருந்த விலை 199 டாலரானது என்று மக்கள் மகிழ்ந்தார்கள். தரவுக்கான மாதக் கட்டணம் 20 டாலரிலிருந்து 30 டாலராகியிருந்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் பத்து டாலர் வீதம் இருபத்துநான்கு மாதங்களுக்கு 240 டாலர். விலையில் மிச்சம் 200 டாலர். நாற்பது டாலர் நட்டத்தைத் தள்ளுபடி என்று அழைக்கும் கலையில் ஆடி மாதத்து ஜவுளிக்கடைகளுக்கும் பாடம் உண்டு. இம்முறை வருவாய்ப் பங்கு முறையைக் கைவிட்டு, கருவியின் விலையில் ஒரு பகுதியைச் சேவை நிறுவனமே முன்கூட்டி ஆப்பிளுக்குக் கொடுத்துவிடும் மானிய முறை வந்திருந்தது. அந்தப் பணத்தை மாதக் கட்டணத்தில் மீட்டுக்கொள்ளும் பழியும் அதனுடன் கூடவே வந்து சேர்ந்தது.

நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் நிலைமை முற்றியது. 2009 டிசம்பர் இறுதியில், நியூயார்க் நகரத்தின் அஞ்சல் குறியீட்டை இட்டால் ஐபோன் கிடைக்காது என்று ஏடி அண்ட் டியின் இணையக் கடை ஓரிரு நாள் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வணிக நிறுவனம் தன் மிகச் சிறந்த பொருளைத் தன் மிகப் பெரிய நகரத்துக்கு விற்க மறுப்பது, ‘இன்றைக்கு இட்லி இல்லை, நேற்றுச் சாப்பிட்டவர்களே இன்னும் எழுந்திருக்கவில்லை’ என்று உணவகத்தில் பலகை மாட்டுவதற்கு ஒப்பானது. 2010இல் இதற்கு ஒரு மருந்தும் விற்பனைக்கு வந்தது. மைக்ரோசெல் என்ற பெயர்கொண்ட சிறு பெட்டியைச் சுமார் 150 டாலருக்கு வாங்கி வீட்டில் வைத்து, சந்தாதாரர் தாமே பணம் கட்டும் அகலப்பட்டை இணையத்தோடு அதை இணைத்தால், வீட்டுக்குள் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். கோபுரத்திற்காக மாதக் கட்டணம் செலுத்தியவர், அக்கோபுரம் எட்டாத குறையைப் போக்கத் தம் செலவிலேயே ஒரு குட்டிக் கோபுரம் கட்டிக்கொள்ளலாம். அதன் வழியாகப் பேசும் நிமிடங்களும் அவர் கணக்கிலேயே கழியும். கருவியோடு கிண்ணம் ஒன்றைப் பொருத்தக்கூடப் பொறுக்காத பெயருடைய நிறுவனம், அரை நூற்றாண்டு கழிந்தபின் சந்தாதாரரின் வீட்டுக்குள் பெட்டி பொருத்தச் சொல்லிக் காசு வாங்கியது.

இத்தனையும் அதன் குற்றமே என்பதில் மறுப்பில்லை. ஆனால் குற்றத்திற்கும் வசவுக்கும் உள்ள விகிதத்தை ஆராய்வதற்கு 2009 ஜூன் மாத நிகழ்ச்சி ஒன்று உதவும். செல்பேசி வழியாகப் படங்களை அனுப்பும் பல்லூடகச் செய்தி வசதி, அதாவது எம்எம்எஸ், மலிவான செல்பேசிகளில்கூட ஆண்டுக்கணக்காக இருந்துவந்தது. ஐபோனில் அது கிடையாது. இரண்டு ஆண்டுகள் ஆப்பிள் அதைத் தரவில்லை. அந்த ஜூனில், ஆப்பிள் நிறுவனம் மென்பொருள் வல்லுநர்களுக்காக நடத்திய மாநாட்டில், புதிய மென்பொருளில் அவ்வசதி வருகிறது என்றும், 76 நாடுகளில் 29 சேவை நிறுவனங்கள் அதற்கு ஆயத்தமாக உள்ளன என்றும் அறிவிக்கப்பட்டது. திரையில் அவற்றின் பெயர்கள் வந்தன. ஏடி அண்ட் டி அவற்றில் இல்லை. அது கோடை இறுதியில்தான் தரும் என்றதும் அரங்கம் சிரித்தது. செப்டம்பர் 25 அன்று அவ்வசதி வந்தது. செய்யவேண்டியவர் இரண்டு ஆண்டுகள் செய்யாதிருந்ததற்குக் கிடைத்தது கைதட்டல். மூன்றரை மாதம் தாமதித்தவருக்குக் கிடைத்தது சிரிப்பு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று தமிழில் இதற்கு எப்போதோ இலக்கணம் வகுத்தாயிற்று.

வெரைசன் இந்தக் காட்சியை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2009 இலையுதிர் காலத்தில் அது வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரங்களில் அமெரிக்க வரைபடங்கள் இரண்டு பக்கம் பக்கமாக வந்தன. வெரைசனின் 3ஜி பரப்பு சிவப்பில் நாடு முழுவதும் பரவிக் கிடக்க, ஏடி அண்ட் டியின் நீலம் அங்கங்கே தெளித்தாற்போல இருந்தது. ஏடி அண்ட் டி நவம்பரில் அட்லாண்டாவில் வழக்குத் தொடுத்தது. வழக்கின் நயம் கவனிக்கத்தக்கது: வரைபடம் தவறு என்று நிறுவனம் சொல்லவில்லை, வெள்ளையாக விடப்பட்ட இடங்களில் 3ஜிதான் இல்லையே தவிர மெதுவான சேவை உண்டு, அதைப் பார்ப்பவர்கள் அங்கே எதுவுமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பதே முறையீடு. ‘வீட்டில் சோறு இல்லை என்றது பொய், பழையது இருக்கிறது’ என்று ஊரைக் கூட்டிச் சொன்னதுபோல் இது ஆயிற்று. விளம்பரத்துக்கு இடைக்காலத் தடை விதிக்க நீதிபதி மறுத்தார். டிசம்பர் தொடக்கத்தில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. அதே மாதம், திறன்பேசி வைத்திருப்போரில் 3 விழுக்காட்டினர் 40 விழுக்காட்டுத் தரவை உறிஞ்சிவிடுகிறார்கள் என்று ஏடி அண்ட் டியின் செல்பேசிப் பிரிவுத் தலைவர் ரால்ஃப் டி லா வேகா மனம் நொந்து பேச, நையாண்டி எழுத்தாளர் டான் லயன்ஸ், டிசம்பர் 18 அன்று நண்பகலில் எல்லா ஐபோன்காரர்களும் ஒரு மணி நேரம் ஒருசேரத் தரவை இழுத்து வலையமைப்பைத் திணறடிக்கலாம் என்று வேடிக்கையாக யோசனை சொன்னார். வேடிக்கையை மெய்யென்று எடுத்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள்; இது பொறுப்பற்ற செயல் என்று தகவல்தொடர்பு ஆணையத்தின் அதிகாரி எச்சரிக்க வேண்டியதாயிற்று. நண்பகல் வந்தது, வலையமைப்பு எப்போதும்போல இருந்தது. அன்றாடம் நிகழும் திணறலுக்கும் திட்டமிட்ட திணறலுக்கும் வேறுபாடு புலப்படவில்லை என்று விளக்குவோரும் உண்டு.

வசை பாடுவதோடு நிற்காமல் பூட்டை உடைக்கப் புறப்பட்டவர்களையும் குறிப்பிட வேண்டும். ஒரு கருவி குறிப்பிட்ட நிறுவனத்தின் சிம் அட்டையை மட்டும் ஏற்று, மற்றவற்றைப் புறக்கணிக்குமாறு அதன் உள்ளே எழுதிவைக்கப்படும் கட்டளையே சிம் பூட்டு. நியூ ஜெர்சியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற பதினேழு வயதுப் பையன், 2007 கோடை விடுமுறை முழுவதையும் பற்றவைப்புக் கோலோடு கழித்து, ஆகஸ்டில் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டான். அப்படித் திறந்த ஒரு கருவியைக் கென்டக்கியைச் சேர்ந்த செல்பேசி வணிகர் ஒருவரிடம் கொடுத்து, பதிலுக்கு ஒரு நிசான் 350இசட் காரையும் பூட்டுத் திறக்காத மூன்று ஐபோன்களையும் பெற்றுக்கொண்டான். விடுமுறை வீட்டுப்பாடத்திற்கு இதைவிடப் பெரிய பரிசு கிடைத்ததாக வரலாறு இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் வரை விற்ற 14 இலட்சம் கருவிகளில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம், பூட்டைத் திறக்கும் எண்ணத்தோடே வாங்கப்பட்டிருக்கலாம் என்று ஆப்பிளே மதிப்பிட்டது. செப்டம்பர் இறுதியில் வந்த மென்பொருள் புதுப்பிப்பு, பூட்டுத் திறந்த கருவிகளில் பலவற்றைச் செங்கல்லாக மாற்றியது. கருவி உயிரற்றுப் போவதைச் செங்கல் ஆதல் என்பது அத்துறையின் கலைச்சொல்.

அடுத்து எழுந்தது, சொந்தப் பணத்தில் வாங்கிய கருவியின் பூட்டைத் திறப்பது குற்றமா என்ற கேள்வி. அமெரிக்கச் சட்டத்தின் அழகு இங்கேதான் முழுமையாக மலர்கிறது. 1998ஆம் ஆண்டின் எண்மப் பதிப்புரிமைச் சட்டம், மென்பொருளைக் காக்கும் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்கிறது. எந்தெந்தப் பூட்டுகளுக்கு விலக்களிக்கலாம் என்பதை மூன்றாண்டுக்கு ஒருமுறை முடிவு செய்யும் அதிகாரம், அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் தலைமை நூலகருக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அப்போது அப்பதவியில் இருந்த ஜேம்ஸ் பில்லிங்டன் ரஷ்யப் பண்பாட்டு வரலாற்றில் பெரும் அறிஞர். அவர் 2006இல் செல்பேசிப் பூட்டைத் திறக்கலாம் என்றார். 2010 ஜூலையில் மீண்டும் திறக்கலாம் என்று சொல்லி, ஆப்பிள் ஒப்புதல் தராத செயலிகளை ஐபோனில் நிறுவுவதற்காகச் செய்யப்படும் ஜெயில்பிரேக் என்னும் சிறை உடைப்பையும் அனுமதித்தார். 2012இல் மனம் மாறி, 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கும் கருவிகளின் பூட்டைச் சேவை நிறுவனத்தின் இசைவின்றித் திறக்கக்கூடாது என்றார். பேசக்கூடாது என்று பலகை மாட்டும் இடத்தின் தலைவரிடமே நாட்டின் பேசும் கருவிகளைப் பற்றிய முடிவை ஒப்படைத்தவர்களின் நகைச்சுவை உணர்வை வியக்காமல் இருக்க முடியாது. ஒரு இலட்சத்துப் பதினாலாயிரம் பேருக்கும் மேல் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்ட பிறகு, 2014 ஆகஸ்டு 1 அன்று தனிச் சட்டம் ஒன்று கையொப்பமாகி, பூட்டைத் திறக்கும் உரிமை மீண்டது.

ஐரோப்பாவில் சட்டம் வேறு முகம் காட்டியது. கருவியையும் சேவையையும் பிரிக்க முடியாமல் கட்டிவைத்து விற்கக்கூடாது என்பதால், பிரான்சில் ஆரஞ்சு நிறுவனம் ஒப்பந்தத்தோடு 399 யூரோவுக்கு விற்ற ஐபோனைப் பூட்டில்லாமல் 749 யூரோவுக்கும் விற்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் வோடஃபோன் தொடுத்த வழக்கால் டி-மொபைல் சுமார் இரண்டு வாரம் 999 யூரோவுக்குப் பூட்டில்லாக் கருவியை விற்றுவிட்டு, தீர்ப்பு மாறியதும் நிறுத்திக்கொண்டது. இந்தியாவுக்கு 2008 ஆகஸ்டு 22 அன்று ஏர்டெல், வோடஃபோன் என்ற இரு நிறுவனங்கள் வழியாக 3ஜி ஐபோன் வந்தபோது, விலை 31,000 ரூபாயில் தொடங்கியது. அமெரிக்காவில் அதே கருவிக்கு ஒப்பந்தத்தோடு கொடுத்த 199 டாலர் அன்றைய மதிப்பில் 9,000 ரூபாயைத் தொடவில்லை. அமெரிக்கச் சித்தப்பாக்களின் பெட்டிகளில் கருவிகள் வந்திறங்கியதற்கும், அவற்றின் பூட்டைத் திறக்கும் விரல்கள் சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் உருவானதற்கும் இந்தக் கழித்தல் கணக்கே போதிய காரணம்.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட எழுதப்படாத பிரிவுக்குத் திரும்பலாம். கருவியின் தலைப்பகுதியில் சிக்னலின் வலிமையைக் காட்ட ஏறுவரிசையில் நிற்கும் கோடுகள் எந்தச் சர்வதேச அளவுகோலுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதைக் கருவியைச் செய்தவரே தம் விருப்பப்படி வகுத்துக்கொள்ளலாம். ஐபோனில் ஐந்து கோடு காட்டியது, பேச்சு தொடங்கியது, அழைப்பு அறுந்தது. ஐந்து கோடு இருந்தும் அறுகிறதென்றால் வலையமைப்பு உளுத்துப்போயிருக்கிறது என்று மக்கள் முடிவு கட்டினார்கள். 2008 ஆகஸ்டிலேயே, 3ஜி ஐபோனின் இணைப்புக் குறைகளைச் சரிசெய்ய ஆப்பிள் மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றை அனுப்பியது. யாரும் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வரவில்லை. 2010 ஜூன் 24 அன்று ஐபோன் 4 வெளியானது. கருவியைச் சுற்றியுள்ள உலோகப் பட்டையே ஆன்டெனாவாக இருந்ததால், அதன் இடது கீழ் மூலையை உள்ளங்கை மூடினால் கோடுகள் சரசரவென்று இறங்கின. அப்படிப் பிடிக்காமல் இருக்கலாமே என்பது ஜாப்ஸ் சொன்ன வழி. 1956இல் உள்ளங்கையைக் குவித்துக்கொள்ளும் உரிமையை நீதிமன்றத்தின் வாயால் வென்றெடுத்த நாட்டில் இப்படி ஓர் அறிவுரை.

ஜூலை 2 அன்று ஆப்பிள் ஒரு கடிதம் வெளியிட்டது. காரணத்தைத் தேடிப் பார்த்தபோது தாங்களே திகைத்துப்போனதாகவும், சிக்னலைக் கோடுகளாக மாற்றும் கணக்கு அடியோடு தவறாக இருப்பதாகவும், இரண்டு கோடு காட்ட வேண்டிய இடத்தில் நான்கு காட்டிவந்ததாகவும், இத்தவறு முதல் ஐபோனிலிருந்தே இருந்துவருவதாகவும் அதில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகளாக அமெரிக்கர்கள் ஐபோனின் நெற்றியில் பார்த்த வலிமையில் ஒரு பகுதி, ஜோசியர் நல்ல மனத்தோடு கூட்டிச் சொன்ன பலன்! எல்லாவற்றையும்விடச் சுவையான செய்தி கடிதத்தின் பின்பகுதியில் இருந்தது. கணக்கைத் திருத்துவதற்கு ஆப்பிள் இனிப் பின்பற்றப்போகும் சூத்திரம், ஏடி அண்ட் டி பரிந்துரைத்த சூத்திரம். அந்தக் கோடுகளுக்காகவும் வசை தாங்கிய நிறுவனத்திடம் கோடு போடும் முறை சரியாக இருந்திருக்கிறது. ஜூலை 16 அன்று நடந்த செய்தியாளர் கூட்டத்தில் ஆப்பிள் எல்லோருக்கும் இலவசமாக உறை கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நடத்திய வாடிக்கையாளர் கணிப்பில் நாட்டின் மிக மோசமான செல்பேசிச் சேவை என்று ஏடி அண்ட் டி தேர்வானது.

ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டு என்பது ஒரு வழக்கின் ஆவணங்கள் வழியாக உறுதியாகியிருந்தது. அது முடியுமுன்பே, 2011 ஜனவரி 11 அன்று நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் வெரைசன் ஐபோனை அறிவித்தது. நாடு ஆறுதல் பெருமூச்சு விட்டது. பிப்ரவரி 10 அன்று கடைகளில் வந்த அந்தக் கருவி, சிடிஎம்ஏ என்ற வேறு தொழில்நுட்பத்தில் இயங்கியதால், பேசிக்கொண்டிருக்கும்போது அதில் இணையம் வேலை செய்யாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும். பேசியபடியே இணையத்தையும் பார்க்கலாம் என்று ஏடி அண்ட் டி விளம்பரம் செய்தது. பேசும்போது இணையம் வேண்டுமென்று அதுவரை எண்ணிக்கூடப் பார்த்திராத பலர், தங்களுக்கு அது இருந்ததை அப்போது அறிந்தார்கள். அதே மாத இறுதியில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் சோதனைக் கூடத்தில் வெரைசன் ஐபோனை ஆராய்ந்து, சிக்னல் குறைந்த இடத்தில் குறிப்பிட்ட விதமாகக் கையில் பிடித்தால் இதிலும் அழைப்பு அறுகிறது என்று எழுதியது. வரைபடம் முழுவதும் சிவப்பு நிரம்பியிருந்தது, வெள்ளையாக விடப்பட்ட மூலைகள் அதிகமில்லை. ஆனால் அழைப்பு அறுந்து சுவரைப் பார்த்து நின்ற வேளையில், திட்டுவதற்கு அங்கே ஏடி அண்ட் டி இல்லை.